மருத்துவ உளவியலாளரின் வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவுகளையொட்டித் தங்கள் நாளிதழின் உயர்கல்விப் பக்கத்தில் உளவியல் படிப்புகள் குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மனநலம் பற்றிய விழிப்புணர்வு பெருகிவரும் இக்காலத்தில் மருத்துவ உளவியலாளர்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது உண்மைதான். கிராமப்புற மாணவர்களின் கண்ணில் இந்தத் துறை படும்படி செய்ததற்காகத் தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இத்தொழிலின் வளர்ச்சியைத் தொடக்கச் சம்பளம், பெருநகர மருத்துவமனையில் பணி, அதன் பிறகு சொந்த மையம் என்று மூன்று படிகளில் அக்கட்டுரை முடித்துவிட்டது. கம்பத்தில் குடியிருந்துகொண்டு, பள்ளத்தாக்கில் கூடலூர் முதல் உத்தமபாளையம் வரையிலும், மலைக்கு மேலே கேரளத்தின் குமுளி, வண்டிப்பெரியாறு, வண்டன்மேடு தோட்டப் பகுதிகளிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்காகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் மருத்துவ உளவியலாளர் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். இத்தொழிலில் ஒருவர் உண்மையிலேயே தேர்ச்சி பெறுவதற்கு, அவருடைய வேலையை அனுபவம் மிக்க இன்னொருவர் தொடர்ந்து கேட்டும் பார்த்தும் திருத்துகிற, மேற்பார்வை என்ற ஏற்பாடு தேவை. எங்களைப் போன்ற எல்லைப்புற மாவட்டங்களில் அந்த ஏற்பாடு அநேகமாக இல்லை.

மருந்து எழுதாமல் மதிப்பீடும் உளசிகிச்சையும் செய்கிறவர் மருத்துவ உளவியலாளர்; சட்டப்படி அவர் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின் கீழ் அக்கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்தவர்களே இத்தொழிலைச் செய்யலாம். 2017இல் இயற்றப்பட்டு 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும் கவுன்சில் அங்கீகரித்த தகுதியையே ஏற்கிறது. நீண்ட காலமாக இதற்கான வழி, உளவியலில் முதுகலைப் பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் மேற்பார்வையுடன் இரண்டு ஆண்டுகள் முழுநேரமாகப் படிக்கும் எம்.ஃபில். என்பதாக இருந்தது. பெங்களூரில் இன்று நிம்ஹான்ஸ் என்று அழைக்கப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் 1955இல் தொடங்கிய பயிற்சி மரபு அது. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திய பல்கலைக்கழக மானியக் குழு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. அதற்கு மாற்றாகப் புதிய பட்டப் படிப்புகளைக் கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கல்லூரியின் விளம்பரத்தை நம்பிவிடாமல், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கான அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் தாங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

பதிவு எண் வேலை செய்யும் உரிமையைத் தருகிறது. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை இரண்டு ஆய்வாளர்கள் நெடுங்காலம் கவனித்திருக்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த தாமஸ் ஸ்கோவ்ஹோல்ட்டும் நார்வேயைச் சேர்ந்த ஹெல்கே ரொன்னெஸ்டாடும் மினசோட்டா மாநிலத்தில் உளசிகிச்சை அளிப்பவர்களும் ஆலோசகர்களுமாக நூறு பேரை நேர்கண்டு, அவர்களுடைய தொழில் வாழ்க்கை எப்படி மாறிச் செல்கிறது என்று 1992இல் எழுதினார்கள். பின்னர் 2003இல் அதை ஆறு கட்டங்களாகச் செம்மைப்படுத்தினார்கள். பயிற்சி ஏதும் இல்லாமல் உறவினருக்கும் நண்பருக்கும் ஆறுதல் சொல்கிறவராக இருப்பது முதற்கட்டம். அடுத்து மாணவப் பருவத்தின் இரண்டு கட்டங்கள் வருகின்றன. பிறகு புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், அனுபவம் பெற்றவர், மூத்தவர் என்று அது செல்கிறது. மாணவப் பருவத்தில் பாடப்புத்தகத்தையும் ஆசிரியரையும் அப்படியே பின்பற்றுகிறவர், படிப்பு முடிந்து தனியாக நிற்கும்போது கற்றது போதவில்லை என்று திகைக்கிறார் என்றும், தன்னுடைய இயல்புக்கும் தான் செய்யும் சிகிச்சைக்கும் இடையே பொருத்தம் காண்பதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றும், தம்மிடம் வருகிறவர்களே தமக்கு மிகப் பெரிய ஆசிரியர்கள் என்று அனுபவசாலிகள் கருதுகிறார்கள் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. செய்த வேலையை இடைவிடாமல் திரும்பிப் பார்த்துச் சிந்திக்கிறவர்கள் மேலே செல்கிறார்கள் என்றும், அதைக் கைவிடுகிறவர்கள் தேங்கிவிடுகிறார்கள் என்றும் அவர்கள் கண்டார்கள். இதில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் என்னோடு படித்தவர்களிடமும், எனக்குப் பின் இத்தொழிலுக்கு வந்த இளையவர்களிடமும் நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே பெரும்பாலானவர்கள் எதிர்பார்க்காத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வருடங்கள் கூடினாலே திறமையும் கூடிவிடும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். தச்சரிடமும் அறுவை மருத்துவரிடமும் அந்த நம்பிக்கையோடுதான் போகிறோம். ஆனால் சைமன் கோல்ட்பெர்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 170 உளசிகிச்சையாளர்கள் 6,591 பேருக்கு அளித்த சிகிச்சையின் பலன்களைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவம் கூடக்கூடப் பலன் சராசரியாக மேம்படவில்லை என்றும், மிகச் சிறிய அளவில் குறையக்கூடச் செய்தது என்றும் தெரியவந்தது. சிகிச்சையைப் பாதியில் விட்டுச் செல்கிறவர்கள் மட்டும் குறைந்தார்கள். அதாவது, ஆட்களைத் தக்கவைத்துக்கொள்ளும் பக்குவம் வந்தது, குணப்படுத்தும் திறமை தானாக வரவில்லை. அதே காலத்தில் கனடாவின் கால்கரி நகரிலுள்ள ஓர் ஆலோசனை மையத்தைப் பற்றிய இன்னோர் ஆய்வு, ஒவ்வொரு சந்திப்பிலும் வருகிறவரின் நிலையை அளந்து பார்த்து, முன்னேற்றம் இல்லாதவர்களைப் பற்றிச் சக சிகிச்சையாளர்களோடு கலந்து பேசுவதை அன்றாட வழக்கமாக்கிய பிறகு, அங்கிருந்த சிகிச்சையாளர்களின் பலன் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டதைக் காட்டியது. முதல் ஆய்வில் ஆண்டுகள் சேர்ந்தும் வராத முன்னேற்றம், அளந்து பார்ப்பதும் கலந்து பேசுவதும் சேர்ந்த இடத்தில் வந்தது. என் கருத்து முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

எங்கள் பகுதியில் இது எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். யாரையும் அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதற்காகப் பல குழந்தைகளிடம் கண்டவற்றை ஒருவராக்கிச் சொல்கிறேன். தாயும் தகப்பனும் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். மூன்றாம் வகுப்பில் இரண்டாவது ஆண்டாக உட்கார்ந்திருக்கும் பையனுக்கு "ஐ.க்யூ. சர்ட்டிபிகேட்" வாங்கிவரும்படி யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிட்டுள்ள 21 குறைபாடுகளில் அறிவுசார் குறைபாடும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் பல உதவிகளைப் பெற அது வழி செய்யும். ஆகவே பெற்றோர் அந்த எண்ணுக்காகக் காத்திருக்கிறார்கள்.

பையன் முன்னால் சேகுவின் பலகையை வைக்கிறோம். வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்து மரத் துண்டுகளை அதனதன் குழியில் பொருத்த வேண்டிய பலகை அது. எவ்வளவு நேரத்தில் பொருத்துகிறான் என்று கடிகாரம் வைத்துப் பார்க்கிறோம். அவன் தாமதமாகவே முடிக்கிறான். ஆனால் எப்படித் தாமதமாகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் சரியான குழிக்கு நேராகத்தான் கொண்டுபோகிறான். வைப்பதற்கு முன் அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்க்கிறான். வாய்வழிக் கேள்விகளுக்கு வரும்போது என் உதடுகளையே உற்றுப் பார்க்கிறான். நான் தாளைப் பார்க்கக் குனிந்துகொண்டு கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. வலது காதில் பஞ்சு இருப்பதை அப்போதுதான் பார்க்க முடிகிறது. கேட்டால், "மழைக்காலத்துல சீழ் வரும்மா, அது சின்னதுல இருந்து உள்ளதுதான்" என்கிறார் தாய். ஏலக்காய் ஸ்டோரில் பாட்டியோடு உட்கார்ந்து காய் பிரிப்பானா என்று கேட்டால், எட்டு மில்லிமீட்டர் காயையும் ஏழு மில்லிமீட்டர் காயையும் சல்லடை இல்லாமல் கண்ணாலேயே பிரித்துவிடுவான் என்று தகப்பன் பெருமையோடு சொல்கிறார். எங்கள் வினாத்தாளில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

இந்த இடத்தில் சோதனைத் தாளின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து எண்ணை எழுதிக் கொடுத்துவிடலாம். கேள்விகளைச் சரியாகக் கேட்டாயிற்று, நேரத்தைச் சரியாகக் குறித்தாயிற்று, கணக்கும் சரி. பயிற்சி முடித்து வருகிற ஒருவர் அப்படி எழுதினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அனுப்பிக் கேட்கும் திறனைச் சோதித்த பிறகே மேற்கொண்டு பார்ப்பது என்று முடிவெடுப்பதற்கும், அவன் வயதுக்கு ஏற்ற, மொழி அதிகம் தேவைப்படாத சோதனை ஒன்றை இன்னொரு நாள் வைப்பதற்கும், மலையாளத்தில் கேட்டால் எப்படிச் சொல்கிறான் என்று பள்ளி ஆசிரியரைக் கொண்டு பார்ப்பதற்கும், "இன்றைக்குச் சான்று தர முடியாது" என்று கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வந்திருக்கும் பெற்றோரிடம் அவர்கள் மனம் கோணாமல் எடுத்துச் சொல்வதற்கும் வேறொரு பக்குவம் வேண்டும். நாம் பயன்படுத்தும் சோதனைகளில் பல, வேறு நாட்டிலோ வேறு மொழியிலோ உருவாகி நம்மிடம் வந்தவை. இன்றும் பல இடங்களில் நடைமுறையில் உள்ள பினே–காமத் சோதனை, வி. வி. காமத் அவர்கள் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக அந்தக் காலத்தில் தழுவி அமைத்தது. அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைப் புத்தகத்தின் முன்னுரையில் படிப்பது வேறு, ஏலத்தோட்டத்துப் பையனின் எதிரே உட்கார்ந்து உணர்வது வேறு. அந்த உணர்வு எனக்கு வாய்த்ததென்றால், பயிற்சிக் காலத்தில் என் அறிக்கைகளை வரிவரியாகப் படித்து, "காதைப் பார்த்தாயா, கண்ணைப் பார்த்தாயா, வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாயா" என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பித் தந்த என் ஆசிரியையே காரணம்.

மேற்பார்வை இல்லாத இடத்தில் என்ன நேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பகுதிநேரமாகப் பணியாற்றிய ஒரு தனியார் மையத்தில், குழந்தையை நேரில் பார்க்காமலே பழைய அறிக்கையின் தேதியை மட்டும் மாற்றிப் புது அறிக்கையாகக் கையெழுத்திட்டுத் தரும்படி நிர்வாகம் கேட்டது. மறுத்துவிட்டு அந்த வேலையை விட்டு வந்தேன். என்னால் விட முடிந்ததற்கு என் கணவரின் வருமானம் ஒரு காரணம் என்பதை நான் மறக்கவில்லை. வாங்கிய கல்விக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய இருபத்தாறு வயதுப் பெண், தனக்கு மேலே தொழில்முறையில் யாரும் இல்லாத நிலையில், அந்த மேசைக்கு எதிரே என்ன செய்வாள்? அவளுடைய நேர்மையை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பை விட்டுவைப்பது முறையாகாது. "என் மேற்பார்வையாளர் கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும்" என்று அவள் சொல்வதற்கு ஒரு பெயராவது இருக்க வேண்டும்.

தொழில் அடையாளம் பற்றியும் இதே நோக்கில் பார்க்கிறேன். "மாத்திரை எழுத மாட்டீங்களா டாக்டரம்மா? ஊசியும் கிடையாதா?" என்பது இங்கே முதல் சந்திப்பில் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி. நாங்கள் மருந்து எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. மனச்சிதைவு, கடுமையான இருதுருவக் கோளாறு போன்றவற்றுக்கு மனநல மருத்துவரின் மருந்து இன்றியமையாதது. எங்கள் வேலை மதிப்பீடும் உளசிகிச்சையும் குடும்பத்துக்கு வழிகாட்டுதலும் ஆகும். தொழிலுக்கு வந்த புதிதில் இந்தக் கேள்வி ஒருவரைச் சுருங்கச் செய்கிறது. அந்தச் சுருக்கத்தை மறைப்பதற்காகச் சிலர் வெள்ளைக் கோட்டு அணிகிறார்கள், சிலர் மருத்துவருக்கு அனுப்ப வேண்டியவரை அனுப்பாமல் வைத்துக்கொள்கிறார்கள், சிலர் தமது பங்கைக் குறைத்துக்கொண்டு மருத்துவர் கேட்ட சோதனையைச் செய்து தரும் ஆய்வக ஊழியரைப் போல் ஆகிவிடுகிறார்கள். தன்னால் இன்னது முடியும், இன்னது முடியாது என்று குரல் தாழாமல் சொல்லக்கூடிய நிலை வருவதையே நான் தொழில் அடையாளம் என்று கருதுகிறேன். தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க. விலக்குக்கு ஒருவரை அனுப்பும்போது, "இவருக்குத் தூக்கமும் சாப்பாடும் சீரான பிறகு என்னிடம் அனுப்புங்கள், வேலைக்குத் திரும்புவதற்கான பயிற்சியை நான் தொடங்குகிறேன்" என்று மருத்துவருக்குச் சமநிலையில் நின்று எழுத முடிகிற நாளில் இருவருடைய வேலையும் நன்றாக நடக்கிறது.

கோவிலுக்கும் மாந்திரீகத்துக்கும் போய்வந்த பிறகு எங்களிடம் வருகிறவர்களிடமும் இதே நிதானம் வேண்டும். பேய் ஓட்டுவதற்குப் பெயர்பெற்ற கேரளத்துச் சோட்டானிக்கரைக் கோவிலுக்குப் போய்வந்த பெண்ணிடம் அது மூடநம்பிக்கை என்று வாதிட்டால் அவள் அடுத்த முறை வரமாட்டாள். அங்கே என்ன கிடைத்தது என்று கேட்டால், பல நேரங்களில் வீட்டில் சொல்ல முடியாத ஒன்றை அங்கே கத்திச் சொன்னதாகச் சொல்வாள். சிகிச்சையை அங்கிருந்தே தொடங்கலாம்.

சிறிய ஊரில் வாழும் உளவியலாளருக்குப் பெருநகரத்தில் இருப்பவருக்கு இல்லாத இன்னொரு சோதனை உண்டு. விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. மாலையில் அதே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். என்னிடம் வருகிற மருமகளும், அவளைப் பற்றி முறையிட வருகிற மாமியாரும், அவர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிப்போகிற ஆளும் ஒரே ஜீப்பில் இருக்கக்கூடும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியக் காப்பை நோயாளியின் உரிமை என்கிறது. அதை நடைமுறையில் காப்பாற்ற, ஜீப்புகள் வந்து சேரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளி ஆட்களை வரச் சொல்வதும், ஒருவர் வெளியேறிய பிறகே அடுத்தவர் நுழையும்படி இடைவெளி விடுவதும், கல்யாண வீட்டில் அவர்களாகப் பேசினாலொழிய நான் முதலில் பேசாமல் இருப்பதும் வழக்கமாகிவிட்டன. உறவினர்களுக்கு இது செருக்காகத் தெரிகிறது. மளிகைக் கடைக்காரரின் மகளுக்குச் சிகிச்சை அளிக்கலாமா, அளித்தால் அந்தக் கடையில் கணக்கு வைத்துக்கொள்ளலாமா என்பது போன்ற கேள்விகளுக்குப் பாடப்புத்தகம் தரும் விடை, வேறு உளவியலாளரிடம் அனுப்பு என்பது. அந்த வேறு உளவியலாளர் பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும்போது என்ன செய்வது என்பதை யாரிடமாவது கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொன்றைத் தயக்கத்தோடு எழுதுகிறேன். பூச்சிமருந்து வீட்டுத் திண்ணையிலேயே இருக்கும் விவசாயப் பகுதி எங்களுடையது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களைப் பார்ப்பது எங்கள் வேலையில் பெரும்பகுதி. போலீஸ் வழக்கு வரும் என்ற பயத்தில் குடும்பங்கள் உண்மையை மறைக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்வதை நாங்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் விளக்குகிறோம். எந்நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசக்கூடிய, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416 என்பதை எழுதிக் கொடுக்கிறோம். பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கும்படி சொல்கிறோம். இவ்வளவுக்குப் பிறகும், சிகிச்சையில் இருந்த ஒருவரை இழக்கும் நாள் இத்தொழிலில் பலருக்கு வருகிறது. அன்று மாலையும் அடுத்த ஆள் வெளியே காத்திருப்பார். அந்த இழப்பைப் பற்றிப் பேச, எங்கே என்ன விட்டுப்போனது, எது நம் கையில் இல்லை என்று அமைதியாகப் பிரித்துப் பார்க்க, உடனிருந்து உதவும் மூத்தவர் ஒருவர் இல்லாவிட்டால், உளவியலாளர் இரண்டில் ஒன்றாக ஆகிறார். ஒன்று, உயிருக்கு ஆபத்து இருக்கும் யாரையும் ஏற்காமல் வேறிடத்துக்கு அனுப்பிவிடுகிறவர் ஆகிறார். அல்லது தொழிலையே விட்டுவிடுகிறார். இரண்டு வகையினரையும் நான் அறிவேன். இருவரும் பயிற்சிக் காலத்தில் மிகச் சிறந்த மாணவர்கள்.

இந்த நிலையில் நாங்களாகச் செய்துகொண்ட ஒரு சிறு ஏற்பாடு இருக்கிறது. தேனி, கட்டப்பனை, குமுளி ஆகிய இடங்களில் பணியாற்றும் உளவியலாளர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். நோயாளியின் பெயரும் ஊரும் சொல்வதில்லை. தனக்குப் பெருமை சேர்த்த சிகிச்சையைப் பற்றிப் பேசுவதில்லை, ஒவ்வொருவரும் தன்னைத் திணறவைத்த ஒன்றைக் கொண்டுவர வேண்டும். உடனே ஆலோசனை சொல்லத் தொடங்காமல், முதலில் கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும். மலையாளம் தாய்மொழியான சகோதரி ஒருவர், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுடைய குடும்ப உறவுகளின் போக்கை எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். கேரளப் பள்ளிகளில் நடைமுறை என்ன, அங்கே குழந்தைக்கு எந்த உதவியை யாரிடம் கேட்பது என்பதை நாங்கள் அவரிடமிருந்து கற்கிறோம். ஆனால் இது நட்பில் நடப்பது. ஒருவர் மாற்றலாகிப் போனால் நின்றுபோகும். சம வயதினர் கூடிப் பேசுவது, மூத்தவரின் மேற்பார்வைக்கு ஈடாகவும் ஆகாது.

நம் நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. அதன் குழுவில் மருத்துவ உளவியலாளருக்கும் இடம் உண்டு. ஆனால் பல இடங்களில் அந்த இடம் காலியாக இருக்கிறது அல்லது ஒப்பந்த அடிப்படையில் நிரப்பப்படுகிறது. ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவர் எந்த ஊரிலும் வேரூன்றுவதில்லை. பத்து ஆண்டுகள் பணியாற்றினாலும் அதே பதவிப் பெயர், அதே நிலை. மூத்தவர் என்று ஒரு படியே இல்லாதபோது மேற்பார்வை செய்ய யார் வருவார்கள்? நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்றும் கண்டது. இந்த இடைவெளியை நிரப்ப ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஏற்கிறேன். வருகிறவர்களைத் தனியே விட்டுவிட்டால் அவர்கள் நிலைக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழக, கேரள சுகாதாரத் துறைகளிடம் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கோரிக்கைகளை வைக்கிறேன். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவ உளவியலாளர் பணியிடத்தை நிரந்தரமாக்கி, அதற்கு மேல் முதுநிலைப் பணியிடம் ஒன்றையாவது ஏற்படுத்த வேண்டும். அந்த முதுநிலை உளவியலாளருடைய பணிகளில் இளையவர்களுக்கு வாரந்தோறும் மேற்பார்வை அளிப்பதை எழுத்தில் சேர்க்க வேண்டும். மேற்பார்வைக்குச் செலவிடும் நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும், விடுப்பு நாளில் சொந்தச் செலவில் செய்யும் ஒன்றாக விடப்படக் கூடாது. பிரிட்டனின் ஆலோசகர் மற்றும் உளசிகிச்சையாளர் சங்கம் தன்னிடம் தரச்சான்று பெற்ற உறுப்பினர்கள் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர்களானாலும் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேர மேற்பார்வை பெற வேண்டும் என்கிறது. நம் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விக் கருத்தரங்குகளில் கலந்துகொண்டதற்கான புள்ளிகளைக் கேட்கிறது. முந்நூறு பேர் உட்கார்ந்து கேட்கும் கருத்தரங்கைவிட, ஒருவருடைய ஒலிப்பதிவை நோயாளியின் ஒப்புதலோடு மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து கேட்பது பன்மடங்கு பயன் தரும் என்பது என் அனுபவம். அதற்கும் புள்ளிகள் வழங்கலாம். காணொளி வழியாகவே இதைச் செய்ய இயலும் என்பதால் மலைப்பகுதி ஒரு தடையல்ல.

எல்லைப்புறத்துக்கென்றே ஒரு கோரிக்கையும் உண்டு. கவுன்சிலின் பதிவு நாடு முழுவதற்கும் செல்லும். ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்திடமும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. காலையில் கம்பத்திலும் மாலையில் குமுளியிலும் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இரு மாநில ஆணையங்களும் ஒரே நடைமுறையை வகுத்துத் தர வேண்டும். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் குழந்தைகளுக்கான அளவீடுகளை இரு மாநிலப் பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளும் சேர்ந்து உருவாக்க வேண்டும். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே அதற்குப் போதுமான பள்ளிகள் இருக்கின்றன.

மாணவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தையும் கட்டடத்தையும் விசாரிப்பதோடு, பயிற்சி எந்த மருத்துவமனையில் நடக்கும், அங்கே உள்நோயாளிகள் உண்டா, ஒரு வழிகாட்டியின் கீழ் எத்தனை மாணவர்கள், எழுதும் அறிக்கையை யார் திருத்துவார்கள் என்று கேளுங்கள். முதல் வேலையை ஏற்கும்போது சம்பளத்தைக் கேட்ட அதே வாயால், "எனக்கு மேற்பார்வை செய்யப்போவது யார்?" என்றும் கேளுங்கள். சொல்லத் தெரியாமல் விழிக்கும் இடத்தில், ஊதியம் எவ்வளவு இருந்தாலும், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வேலை செய்ய வேண்டாம்.

அடுத்த ஆண்டு இதே பக்கத்தில் உளவியல் படிப்புகளைப் பற்றி எழுதும்போது, இந்தக் கேள்விகளையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இப்பகுதி மாணவர்கள் அனுப்பும் ஐயங்களுக்குத் தமிழில் பதில் எழுதித் தர, எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் இரு மாநில உளவியலாளர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மருத்துவ உளவியலாளர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.